கவலை முதல் காயில் வரை: கொங்குக் கிணறுகளின் பழுது வரலாறு

எம் பாட்டனார் பல்லடம் வட்டாரத்தில் ஐந்து ஏக்கர் தோட்டம் வைத்திருந்தார். பருத்தி, தக்காளி, மாட்டுக்குச் சோளத்தட்டு என்று கிணற்றுத் தண்ணீரை நம்பிய வெள்ளாமை. 1979 முதல் 1993 வரை அவர் எழுதிவைத்த கணக்கு நோட்டு ஒன்று அண்மையில் பழைய பெட்டியிலிருந்து எம் கைக்கு வந்தது. விதை, உரம், ஆள்கூலி ஆகியவற்றுக்கு நடுவே மோட்டாருக்கென்று தனியாகச் சில பக்கங்கள் இருந்தன. தேதி, என்ன பழுது, என்ன செலவு, என்ன காரணம் என்று நான்கு கட்டங்கள். முதல் மூன்று கட்டங்களும் துல்லியமாக நிரப்பப்பட்டிருந்தன. காரணக் கட்டம் மட்டும் பெரும்பாலும் வெறுமையாகவோ, 'கவனக்குறைவு' என்ற ஒரே சொல்லுடனோ இருந்தது.

1987ஆம் ஆண்டுக் கோடையில் நாற்பது நாள்களுக்குள் மோட்டார் மூன்று முறை எரிந்திருக்கிறது. மூன்றாம் முறைக்குப் பின் 'ஆள் மாற்றம்' என்று ஒரு குறிப்பு. மோட்டார் போடும் பண்ணையாளை அனுப்பிவிட்டார்கள் என்பது பொருள். ஆனால் புது ஆள் வந்த பிறகும் அதே ஆண்டில் மோட்டார் மீண்டும் எரிந்திருக்கிறது. அந்த வரிக்கு எதிரே காரணம் எழுதப்படவில்லை.

அந்த வெற்றுக் கட்டத்தை நிரப்ப முடியுமா என்று பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை. எம் படிப்பு தமிழ் இலக்கியம், மின்பொறியியல் அன்று. எனினும் ஒரு பொருள் பழுதாகும்போது மனிதர் யாரைக் குற்றம் சொல்கிறார்கள் என்பதும் வரலாறுதான் என்று கருதுகிறோம்.

கண்ணுக்குத் தெரிந்த பழுது

மோட்டாருக்கு முன் கவலை. தென்மாவட்டங்களில் கமலை என்பார்கள். கபிலை என்றும் வழக்கு உண்டு. நூல்களில் ஏற்றத்தைப் பற்றி எழுதிய அளவுக்குக் கவலையைப் பற்றி எழுதவில்லை. ஏற்றத்துக்குப் பாட்டு வாய்த்தது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஐம்பது அறுபது அடி ஆழக் கிணறுகள் சாதாரணமாக இருந்த கொங்கு நாட்டில் வெள்ளாமையைத் தாங்கியது கவலைதான்.

அதன் அமைப்பு எளிது. கிணற்று மேட்டில் ஓர் உருளை. அதன்மேல் செல்லும் வடக்கயிற்றின் ஒரு முனையில் சால். மறுமுனையில் நுகத்தடியில் பூட்டிய இரண்டு எருதுகள். எருதுகள் சரிவில் இறங்க, சால் மேலேறும். சாலின் அடியில் தும்பி என்னும் தோல்குழாய். இன்னொரு சிறு கயிறு தும்பியின் வாயை மேல்நோக்கி மடக்கிப் பிடித்திருக்கும். சால் மேலே வந்ததும் தும்பி விரிந்து தண்ணீர் தொட்டியில் கொட்டும். ஓட்டுபவர் கயிற்றின்மேல் உட்கார்ந்து தம் எடையையும் சேர்த்துக் கொடுப்பார்.

இந்த அமைப்பிலும் பழுது வரும். தோல் கிழியும், கயிறு அறும், உருளையின் அச்சு தேயும், மாடு நொண்டும். ஆனால் இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த பழுதுகள். தும்பியில் ஓட்டை என்றால் தண்ணீர் அங்கேதான் ஒழுகும். எங்கே கோளாறு என்று ஊரில் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பழையதைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் தோலைப் பதப்படுத்தித் தைத்துத் தந்தவர்கள் அருந்ததியர். அவர்களுக்குக் கூலி பெரும்பாலும் ஆண்டுக்கொரு முறை அளக்கப்பட்ட தானியம். அவர்கள் கையால் தைத்த சால் நாள்தோறும் இறங்கிய கிணற்றில் அவர்கள் இறங்கவோ தண்ணீர் சேந்தவோ முடியாது. பழுது கண்ணுக்குத் தெரிந்தது. பழுது பார்த்தவர் கண்ணுக்குத் தெரியவில்லை. இதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் தேவைப்படும்.

எஞ்சினும் மின்சாரமும்

இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் எண்ணெய் எஞ்சின் கொண்டு இறைக்கும் சோதனைகள் நடந்தன. மாகாணத் தொழில்துறையின் இயக்குநராகப் பின்னர் விளங்கிய ஆல்ஃபிரட் சாட்டர்டன் இதில் முன்னின்றவர். ஆனால் கோவைப் பகுதியின் தலையெழுத்தை மாற்றியது 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையம். நீலகிரியிலிருந்து இறங்கிய மின்சாரம் கோவையின் பஞ்சாலைகளுக்கு மட்டுமன்றி, மெல்ல மெல்லத் தோட்டங்களுக்கும் வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இணைந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்தனர். அதன்பின் பம்பும் மோட்டாரும் செய்யும் பட்டறைகள் கோவையில் பெருகிய கதை பலரும் அறிந்தது. இன்று தமிழகத்தில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வேளாண் மின்இணைப்புகள் உள்ளன.

கவலைக்கும் மோட்டாருக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு வேகம் அன்று என்பது எம் கருத்து. கவலை தனியானது. ஒரு கிணற்றுக் கவலை அறுந்தால் பக்கத்துக் கிணற்றுக்கு ஒன்றும் ஆகாது. மோட்டாரோ கம்பியால் கட்டப்பட்டது. ஒரே மின்மாற்றியின் கீழ் பதினைந்து இருபது கிணறுகள். அன்றிலிருந்து ஒரு தோட்டத்தின் பழுது அந்தத் தோட்டத்துக்கு மட்டும் உரியதாக இல்லை. ஆனால் பழுதைப் பார்க்கும் கண் மட்டும் கவலைக் காலத்துக் கண்ணாகவே இருந்தது.

ஓடுகிறது, தண்ணீர் இல்லை

நோட்டில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி: மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. தொடக்க காலத்தில் இதைவிட மனிதரைக் குழப்பிய பழுது வேறொன்று இருந்திருக்காது. கன்னிமாருக்குப் பொங்கல் வைத்ததும், எலுமிச்சம்பழம் கட்டியதும் பெரும்பாலும் இதற்காகத்தான்.

இதற்குக் காரணங்கள் பல. ஒன்று, அடிவால்வில் குச்சியோ கல்லோ சிக்கிக் குழாயில் நிரப்பிய தண்ணீர் இறங்கிவிடுவது. இரண்டு, குழாய் இணைப்பில் மயிரிழை போன்ற விரிசல் வழியே காற்று புகுவது. சாணிக் கரைசலை ஊற்றி அந்தக் கசிவை அடைக்கும் கைமருந்தை முதியோர் அறிவர். மூன்று, மும்முனை மின்சாரத்தின் முறை மாறுவது. கம்பி அறுந்து மீண்டும் இணைக்கும்போது இரண்டு கம்பிகள் இடம் மாறிவிட்டால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். சத்தம் அதே சத்தம். தண்ணீர் மட்டும் வராது, அல்லது நூலாக வரும். எந்த இரண்டு கம்பிகளையாவது மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். இதை அறியாமல் பம்பைக் கழற்றிப் பட்டறைக்கு வண்டியில் ஏற்றியவர்கள் பலர்.

நான்காவது காரணம் மற்றவற்றைவிட ஆழமானது. மேலிருந்து உறிஞ்சும் பம்பு உண்மையில் தண்ணீரை இழுப்பதில்லை. காற்றின் எடைதான் கீழிருந்து தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அந்த எடை சுமார் 34 அடித் தண்ணீரைத்தான் தாங்கும். ஏறத்தாழ 1,350 அடி உயரத்தில் உள்ள கோவையில் அது இன்னும் ஓரிரு அடி குறைவு. குழாய் உராய்வும் கசிவும் போக, நடைமுறையில் இருபது அடிக்குச் சற்று மேல். இதே புதிர் இத்தாலியிலும் இருந்தது. குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே உறிஞ்சு பம்பு செயல்படாததைக் கலிலியோ 1638இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துப் பேசினார். காரணம் காற்றின் எடை என்பதை 1640களில் டாரிசெல்லி விளக்கினார்.

கொங்குக் கிணற்றில் இது எப்படி வெளிப்பட்டது என்றால், ஒரு கோடையில் நன்றாக இறைத்த பம்பு அடுத்த கோடையில் சும்மா சுற்றும். பம்பில் ஒரு பழுதும் இராது. தண்ணீர்தான் கீழே போயிருக்கும். எனவே கிணற்றுச் சுவரில் திட்டு வெட்டிப் பம்பை இறக்கினார்கள். மறுபடி தண்ணீர் இறங்கியது, மறுபடி திட்டு. பழைய கிணறுகளை எட்டிப் பார்ப்பவர்கள் சுவரில் படிப்படியாக அந்தத் திட்டுகளைக் காணலாம். ஒவ்வொரு திட்டும் ஒரு வறட்சி. எம் பாட்டனாரின் நோட்டிலும் 1983இல் 'பம்பு இறக்கிய கூலி' என்று ஒரு வரி உண்டு. தண்ணீர் இறங்கியதற்கு வானம் மட்டும் காரணம் அன்று. பக்கத்துக் கிணறுகளும் எம் கிணறும் ஒரே நிலத்தடி நீரைத்தான் இறைத்துக்கொண்டிருந்தன. ஆக, பம்பின் 'பழுது' என்று எழுதப்பட்டது உண்மையில் அனைவரும் சேர்ந்து செய்த செலவு.

எரிவது ஏன்

இனி அந்த 1987ஆம் ஆண்டுக்கு வருவோம். மோட்டார் எரிவது என்றால் உள்ளே சுற்றிய செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், காப்புப் பூச்சு கருகி ஒன்றோடொன்று தொட்டுவிடுவது. அதைப் பிரித்து மீண்டும் சுற்றுவதைக் காயில் கட்டுதல் என்பர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காயில் கட்டும் பெரியவர் ஒருவரிடம் நோட்டைக் காட்டினோம். அவர் நோட்டைவிட எரிந்த காயிலைத்தான் படிக்கத் தெரிந்தவர். அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறோம்.

சுருள் முழுவதும் ஒரே சீராகக் கருகியிருந்தால் மோட்டார் சுமை தாங்காமலோ, தாழ்ந்த மின்னழுத்தத்திலோ நெடுநேரம் தவித்திருக்கிறது. ஒரு பகுதி கருகி மற்றப் பகுதி புதுச் செம்பாகப் பளபளத்தால் மூன்று முனைகளில் ஒன்று வராமல் போயிருக்கிறது. இதில் ஐயமே இல்லை என்றார் அவர்.

ஒரு முனை போவது எப்படி? மின்மாற்றியில் உள்ள மூன்று பியூஸ்களில் ஒன்று போனால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காது. மிஞ்சிய இரு முனைகளைக் கொண்டு தொடர்ந்து ஓடும். ஆனால் அவற்றில் மின்னோட்டம் ஏறத்தாழ 1.73 மடங்காகும். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால் அது மும்மடங்காகும். நின்றிருக்கும் மோட்டாரை அந்த நிலையில் போட்டால் அது சுற்றவே சுற்றாது. உறுமும். சில நிமிடங்கள் உறுமவிட்டால் எரிந்துவிடும். அந்தப் பியூஸ் போனால் அந்த மின்மாற்றியின் கீழ் உள்ள அத்தனை கிணறுகளுக்கும் இதே கதி.

தாழ்ந்த மின்னழுத்தத்தின் கதை வேறு. மின்னழுத்தம் 415 வோல்ட்டுக்கு ஆறு விழுக்காடு மேலோ கீழோ இருக்கலாம் என்பது 1956ஆம் ஆண்டு மின்சார விதிகளின் வரையறை. கோடையில் கடைக்கோடித் தோட்டத்தில் அது 320க்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரின் சுழல்விசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். எனவே ஐந்தில் மூன்று பங்குதான் எஞ்சும். அதே தண்ணீரைத் தூக்க வேண்டுமாதலால் மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. வெப்பம் உடனே கொல்வதில்லை. காப்புப் பூச்சு ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக நைந்துபோய், ஏதோ ஒரு நாள் மின்சாரம் சரியாக இருக்கும்போதே எரிந்துவிடும். அன்று யார் மோட்டார் போட்டாரோ அவர் குற்றவாளி ஆகிவிடுவார். புதிர் என்று தோன்றுவதன் பெரும்பகுதி இந்தக் காலத்தாழ்ச்சிதான். பல்லி பெட்டிக்குள் புகுந்ததும், எறும்பு இணைப்பான்களுக்கு இடையே நசுங்கி ஒட்டியதும் கடைசியாக விழுந்த அடிகள் மட்டுமே.

மருந்தே நோயானது

உழவர்கள் சும்மா இருக்கவில்லை. தம்மால் இயன்ற மருந்துகளைத் தேடினார்கள். ஆனால் ஒவ்வொரு மருந்தும் அடுத்த தோட்டத்துக்கு நோயாக முடிந்தது. இதுவே இவ்வரலாற்றின் வருத்தமான பகுதி.

மின்னழுத்தம் குறைந்தால் ஸ்டார்ட்டர் தானாக விழுந்துவிடும். அது மோட்டாரைக் காக்கும் ஏற்பாடு. தண்ணீர் பாய்ச்சும் நேரத்தில் அடிக்கடி விழுகிறதே என்று அதைக் குச்சி வைத்து முட்டுக் கொடுத்தார்கள், கயிற்றால் கட்டினார்கள். தாழ்ந்த மின்னழுத்தத்திலும் இழுக்கும்படி காயிலை மாற்றிக் கட்டச் சொன்னார்கள். பெயர்ப்பலகையில் ஐந்து குதிரைத்திறன், உள்ளே ஏழரை. அந்த மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்க, பக்கத்துத் தோட்டத்தில் மின்னழுத்தம் இன்னும் தாழும். அவரும் காயிலை மாற்றிக் கட்டுவார். மும்முனை மின்சாரம் சில மணி நேரந்தான் என்று ஆனபோது, இருமுனை வரும் நேரத்திலும் கண்டென்சர் வைத்து ஓட்டினார்கள்.

மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாததால் தானியங்கி ஸ்டார்ட்டர் பொருத்தினார்கள். நடுநிசியில் மின்சாரம் வந்தால் மோட்டார் தானே ஓடும். எழுந்து போக வேண்டியதில்லை. ஒருவருக்கு இது வசதி. எல்லோரும் பொருத்தினால்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கே.வி.ஏ. மின்மாற்றியின் கீழ் ஐந்து குதிரைத்திறன் மோட்டார்கள் பதினைந்து. ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஆறு, மொத்தம் தொண்ணூறு. தாங்கும். ஆனால் புறப்படும்போது மோட்டார் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். பதினைந்தும் ஒரே நொடியில் புறப்பட்டால் மின்மாற்றியின்மேல் ஐந்து மடங்கு சுமை. மின்னழுத்தம் படுத்துவிடும், எந்த மோட்டாரும் முழு வேகம் எடுக்காது, எல்லாம் தவிக்கும். பியூஸ் போகும். போவது மூன்றில் ஒன்றாக இருந்தால், மேலே சொன்ன உறுமல் தொடங்கும். தோட்டத்தில் ஆளே இருக்கமாட்டார்.

பரிகாரமும் பொதுவானதுதான். ஒவ்வொரு மோட்டாரிலும் உரிய கெப்பாசிட்டர் பொருத்தினால் கம்பியில் வீணாக ஓடும் மின்னோட்டம் குறைந்து அனைவருக்கும் மின்னழுத்தம் உயரும். ஒருவர் மட்டும் பொருத்தினால் செலவு அவருக்கு. பயனோ எல்லாக் கிணறுகளுக்கும் சிதறி, அவருக்கு அற்பமாகவே மிஞ்சும். எனவே ஒருவரும் பொருத்துவதில்லை.

கட்டணமும் காயிலும்

கொங்கு உழவர்கள் சேர்ந்து நிற்கத் தெரியாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970 ஜூனில் பெருமாநல்லூரில் திரண்டபோது காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிர் துறந்தனர். 1972இல் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் மாட்டு வண்டிகளைக் கோவை நகருக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1984இல் சிறு உழவர்களுக்கும் 1990இல் அனைவருக்கும் மின்சாரம் கட்டணமில்லாமல் கிடைத்ததன் பின்னணியில் அந்தப் போராட்டங்கள் இருக்கின்றன.

கட்டணம் எல்லோருக்கும் ஒரே சீட்டில் வந்தது. எனவே அது பொதுப் பிரச்சினை என்று உடனே விளங்கியது. எரிந்த காயிலோ ஒவ்வொரு வீட்டிலும் வெவ்வேறு நாளில் வந்தது. ஆகவே அது வீட்டுச் செலவாகவும், வீட்டுச் சண்டையாகவும், 'எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி' என்ற மனக்குறையாகவும் நின்றுவிட்டது.

மீண்டும் நோட்டு

1987ஆம் ஆண்டுப் பக்கத்தை மறுபடி பார்த்தோம். முதல் எரிப்பு நடந்த அதே வாரத்தில் வேறொரு பக்கத்தில், கைமாற்றுக் கணக்கில், பக்கத்துத் தோட்டத்தாருக்குக் காயில் கட்டப் பணம் கொடுத்ததாக ஒரு வரி இருக்கிறது. இரண்டு வரிகளும் ஒரே கையெழுத்து. பாட்டனார் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒன்று மோட்டார்க் கணக்கு, மற்றது கடன் கணக்கு.

இரண்டாம் எரிப்புக்கு எதிரே காரணக் கட்டத்தில் பென்சிலால் சிறிதாக ஒன்று எழுதி, மேலே கோடு இழுத்து அடித்திருக்கிறார். வெளிச்சத்தில் பிடித்துப் படித்தோம். பண்ணையாள் 'போட்டதுமே உறுமுச்சுங்க' என்று சொன்னானாம். அடித்துவிட்டு, பக்கத்தில் 'கவனக்குறைவு' என்று மையால் எழுதியிருக்கிறார்.

உறுமியது என்பதுதான் நோயின் பெயர். காயில் கட்டும் பெரியவர் அந்தச் சொல்லைக் கேட்டதும், "அப்புறமென்னங்க, அந்த ஆளே சொல்லிட்டாருங்களே" என்றார். மின்மாற்றியின் பியூஸைப் பார்த்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். மூன்றாம் எரிப்பும் இராது. ஆள் மாற்றமும் இராது. ஆனால் சொன்னவர் பண்ணையாள். தோல் தைத்தவரின் முகத்தைப் பார்க்காத கண்ணுக்கு, மோட்டார் போட்டவரின் சொல்லும் கேட்கவில்லை. பாட்டனார் கொடியவர் அல்லர். கணக்கில் ஒரு காசு தவறாதவர். தம் கிணற்றுக்கு வெளியே காரணம் இருக்கும் என்று அவர் எண்ணவில்லை. தம்மினும் தாழ்ந்தவர் என்று கருதியவரிடம் விடை இருக்கும் என்றும் எண்ணவில்லை. அவ்வளவே. அவ்வளவுக்கே ஒருவருக்குப் பிழைப்புப் போயிற்று.

அந்த ஆளின் பெயர் நோட்டில் எங்கும் இல்லை. கூலிக் கணக்கிலும் 'ஆள்' என்றே இருக்கிறது. திருப்பூர்ப் பக்கம் பனியன் வேலைக்குப் போனதாக வீட்டில் சொல்கிறார்கள். தோட்டத்தில் இப்போது கிணறு வறண்டு, ஆழ்துளைக் குழாயில் நீர்மூழ்கி மோட்டார் ஓடுகிறது. சுற்றி ஓடும் தண்ணீரால் குளிரும் அந்த மோட்டார், ஊற்றுக் குறைந்தால் கண்ணுக்கே தெரியாத ஆழத்தில் எரிகிறது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் இத்தகைய நோட்டுகள் இருக்கக்கூடும். எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எழுதியவற்றோடு அடித்தவற்றையும் படியுங்கள்.